டீச்சர் வாசித்தால் பிள்ளை பேசும்: பாலர் பள்ளியில் கதைப் புத்தகம் செய்யும் வேலை

தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 1 தொடங்கிய முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடையே ஒரு வேறுபாடு தெரிந்துவிடும். ஒரு பிள்ளையிடம் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் முன்னட்டையைச் சரியாகப் பிடித்து, முதல் பக்கத்தைத் திறந்து, இடப்பக்கமிருந்து விரலை ஓட்டும். வாசிக்கத் தெரியாவிட்டாலும், படத்தைப் பார்த்துத் தானே ஒரு கதை சொல்லும். பக்கத்திலிருக்கும் இன்னொரு பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து, நாலைந்து பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு மூடி வைத்துவிடும். இருவருக்கும் 'அ, ஆ' எழுதத் தெரியும். இருவரும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் ஒருவருக்கு யாரோ மடியில் உட்கார வைத்துப் புத்தகம் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். மற்றவருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே, பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்க ஒரு முறையை உருவாக்கினார். எழுத்து தெரியுமா என்று கேட்பதற்கு முன், புத்தகத்தின் முன்பக்கம் எது, எங்கிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும், ஒரு வரி முடிந்தால் அடுத்து எங்கே போக வேண்டும், கதை இருப்பது படத்திலா எழுத்திலா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். பெரியவர்களுக்கு இது கேள்வியாகவே தோன்றாது. ஆனால் புத்தகத்தைத் தொடாத பிள்ளைக்கு இவை அனைத்தும் புதிது.

வீட்டில் கதைப் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு இந்த வாசலைத் திறந்து வைக்கும் முதல் ஆள் பெரும்பாலும் பாலர் பள்ளி ஆசிரியைதான். அவருக்கே வாசிப்பில் ஆசை இருந்தால் அந்த வகுப்பின் போக்கே மாறிவிடும்.

ஆயாக் கொட்டகை முதல் பாலர் பள்ளி வரை

மலாயாத் தோட்டங்களில் கதை இல்லாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. அம்மாவும் அப்பாவும் விடியற்காலையில் பிரட்டுக்குப் போய்விட்டால், பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில்தான் வளர்ந்தார்கள். தொட்டிலாட்டும் ஆயாவின் தாலாட்டும், மாலையில் லயன் வாசலில் பாட்டி சொன்ன நரிக்கதையும் பேய்க்கதையும் அவர்களுக்குச் சொற்களைக் கொடுத்தன. புத்தகம்தான் அரிதாக இருந்தது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டங்களில் நிர்வாகம் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. பெயருக்கு ஒரு கொட்டகை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியே வாத்தியார் என்று பல இடங்களில் பள்ளிகள் தொடங்கின. எழுத்தறிவு குறைவாக இருந்த அந்தக் காலத்தில் பத்திரிகையும் கூட்டத்துக்கு உரியதாகவே இருந்தது. தோட்டத்துக்கு வரும் ஒரே தாளை, படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் இப்படித்தான் படிக்கத் தெரியாதவர்களையும் சென்று சேர்ந்தன. பின்னாளில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம், பிள்ளைகள் தாங்களே எழுதவும் ஓர் இடம் கொடுத்தது.

ஆக, ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது நம் சமூகத்துக்குப் புதிய பழக்கமல்ல. பாலர் பள்ளி ஆசிரியை பாயில் உட்கார்ந்து புத்தகத்தை விரிக்கும்போது அந்தப் பழைய வழக்கத்தையே தொடர்கிறார். ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்த பிறகு, பாட்டியும் ஆயாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கொடுத்த சொற்களில் பெரும்பங்கைக் கைப்பேசித் திரை பிடித்துக்கொண்டது. திரை பேசிக்கொண்டே இருக்கும். பிள்ளை என்ன சொல்கிறது என்று அது காது கொடுத்துக் கேட்பதில்லை.

வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும்

தமிழ்ப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதில் தனியான ஓர் அவசியம் உண்டு. நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் ஒன்றல்ல. வீட்டில் பிள்ளை கேட்பது 'நாய் ஓடிப்போச்சு', 'தாத்தா வந்துட்டாங்க', 'இன்னும் பசியாறலையா?' புத்தகத்தில் வருவதோ 'நாய் ஓடிவிட்டது', 'தாத்தா வந்துவிட்டார்', 'காலை உணவு உண்டாள்'. ஆறு வயது வரை புத்தகத் தமிழைக் காதால் கேட்டிராத பிள்ளை, ஏழு வயதில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. எழுத்தைக் கூட்டிப் படிக்கவும் வேண்டும், படித்த சொல்லுக்குப் பொருள் தேடவும் வேண்டும். 'வந்-து-விட்-டார்' என்று கஷ்டப்பட்டுக் கூட்டிய பிறகும் அது தன் வீட்டு 'வந்துட்டாங்க'தான் என்று அதற்குத் தெரிவதில்லை. தமிழ் கஷ்டம் என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது.

இதே சிக்கல் அரபு மொழியிலும் உண்டு. அங்கும் பேச்சு மொழி வேறு, எழுத்து மொழி வேறு. இஸ்ரேலில் அரபு பேசும் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் தொடர்ந்து எழுத்து மொழியிலேயே கதை வாசித்துக் காட்டிய ஆய்வு ஒன்று 1993இல் வெளிவந்தது. டினா ஃபைட்டல்சனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு அது. அவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து மொழி புரியாது என்ற எண்ணம் அதற்கு முன் பரவலாக இருந்தது. ஆனால் கதை கேட்ட பிள்ளைகள், கேட்காத பிள்ளைகளைவிட எழுத்து மொழியைக் கேட்டு நன்றாகப் புரிந்துகொண்டார்கள். படத்தைப் பார்த்துக் கதை சொல்வதிலும் முந்தினார்கள்.

விவரம் தெரிந்த ஆசிரியை இதைப் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. வரியை அச்சில் இருப்பதுபோலவே முதலில் வாசிப்பார். 'காலை உணவு உண்டாள்' என்று வாசித்துவிட்டு, 'நாம காலையில பசியாறுறோமே, அதைத்தான் சொல்றாங்க' என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். பிறகு மறுபடியும் அச்சிலுள்ள வரிக்குத் திரும்புவார். வீட்டுத் தமிழைத் தப்பு என்று ஒருபோதும் சொல்லமாட்டார். வீட்டுத் தமிழின் கையைப் பிடித்துப் புத்தகத் தமிழிடம் கூட்டிப் போவார். பத்துக் கதை கேட்ட பிள்ளை, விளையாடும்போது தானாகவே 'அப்போது சிங்கம் கர்ஜித்தது' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

வாசித்துக் காட்டுவதும் ஒரு தொழில்

கல்வியமைச்சின் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள் வரை இருப்பார்கள். ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர். இத்தனை பேரை உட்கார வைத்து ஒரு புத்தகத்தால் கட்டிப்போடுவது சாதாரணக் காரியமல்ல. கைதேர்ந்த ஆசிரியையின் வேலை வாசிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலில் புத்தகத் தேர்வு. நாலு, ஐந்து வயதுக்குப் பெரிய படமும், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியும் இருந்தால் போதும். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதையாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது பக்கத்திலேயே பிள்ளைகள் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஆசிரியை முந்தின இரவே புத்தகத்தை வீட்டில் ஒருமுறை உரக்க வாசித்துப் பார்ப்பார். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள் என்று குறித்துக்கொள்வார்.

வகுப்பில் முதலில் அட்டையைக் காட்டுவார். 'இந்தக் கதை எதைப் பத்தி இருக்கும்?' என்று கேட்பார். கதையை எழுதியவர் பெயரையும் படம் வரைந்தவர் பெயரையும் வாசிப்பார். புத்தகம் மனிதர்கள் செய்வது, நாமும் செய்யலாம் என்று பிள்ளைக்குத் தெரிவது இப்படித்தான். படம் பிள்ளைகளைப் பார்த்தபடி இருக்கும். ஆசிரியையின் விரல் வரிக்குக் கீழே மெல்ல நகரும்.

நடுநடுவே கேள்வி கேட்பதுதான் முக்கியமான பகுதி. 1988இல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு பிரிவினருக்கு, வாசிக்கும்போது பிள்ளையைப் பேச வைக்கும் கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றப் பிரிவினர் வழக்கம்போல வாசித்தார்கள். ஒரே மாதத்தில் முதல் பிரிவுப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் தெளிவாக முந்திவிட்டார்கள்.

அந்த முறை எளிமையானது. படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்கிறார் ஆசிரியை. பிள்ளை 'குருவி' என்கிறது. 'ஆமாம், குருவிதான்' என்று ஒப்புக்கொள்கிறார். 'கூடு கட்டுற குருவி' என்று ஒரு சொல்லைக் கூட்டுகிறார். பிள்ளையையும் அதைச் சொல்ல வைக்கிறார். நாலு படி, அரை நிமிடம். பிள்ளைக்குக் கேள்வி பழகிய பிறகு 'ஏன் குருவி அழுதுச்சு?', 'நீயா இருந்தா என்ன செய்வே?' என்று கேள்வியின் ஆழம் கூடும். 'ஏன்' என்ற கேள்விக்குச் சரியான பதில் ஒன்றே ஒன்றல்ல என்று பிள்ளை தெரிந்துகொள்வது பெரும்பாலும் கதை நேரத்தில்தான்.

மறுநாளும் அதே புத்தகம். 'நேத்துதானே வாசிச்சோம்' என்று பெரியவர்களுக்குச் சலிக்கலாம், பிள்ளைகளுக்குச் சலிப்பதில்லை. முதல் நாள் என்ன நடந்தது என்று கேட்பார்கள். இரண்டாம் நாள் ஏன் நடந்தது என்று கவனிப்பார்கள். மூன்றாம் நாள் ஆசிரியைக்கு முன்பே அடுத்த வரியைச் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு புத்தகம் வாசிப்பு மூலைக்குப் போகும், அட்டை தெரியும்படி. முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கிய புத்தகத்தை, எழுத்து தெரியாத பிள்ளை எப்படி அடையாளம் கண்டு எடுக்கும்?

'எழுதக் கற்றுக்கொடுத்தீங்களா?'

இவ்வளவும் செய்யும் ஆசிரியைக்கு எல்லாப் பெற்றோரிடமிருந்தும் பாராட்டு வந்துவிடுவதில்லை. தனியார் பாலர் பள்ளிகளில் மாதக் கட்டணம் கட்டும் பெற்றோர் பிள்ளையின் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பயிற்றுத்தாள் இருந்தால் திருப்தி. 'இன்னைக்கு டீச்சர் கதை சொன்னாங்க' என்று பிள்ளை சொன்னால், 'அவ்வளவுதானா? எழுதச் சொல்லித் தரலையா?' என்ற கேள்வி வருகிறது.

அந்தக் கவலையிலும் நியாயம் உண்டு. ஆண்டு 1இல் பிள்ளை மூன்று மொழிகளைச் சமாளிக்க வேண்டும். தமிழில் மட்டுமே 247 எழுத்து. பின்தங்கிவிடுமோ என்ற பயம், தோட்டத்திலிருந்து கஷ்டப்பட்டு மேலே வந்த குடும்பங்களுக்கு அதிகமாகவே இருக்கும். ஆனால் எழுத்து ஒரு கருவிதான். 'கிணறு' என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளை அதைப் பிழையில்லாமல் எழுதினாலும் பயன் குறைவு. சொல் முதலில் காதில் விழ வேண்டும், பிறகு வாயில் வர வேண்டும், அதன் பிறகு கையில் வரலாம். பயிற்றுத்தாள் மூன்றாவது படியைச் சோதிக்கிறது. கதை முதல் இரண்டு படிகளைக் கட்டுகிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014இல் வெளியிட்ட பரிந்துரை, பிறந்த நாளிலிருந்தே பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்படி பெற்றோருக்குச் சொல்லச் சொன்னது. கல்வி அதிகாரிகளுக்கு முன்பே மருத்துவர்கள் இதைச் சொல்வதற்குக் காரணம், மூளை வேகமாக வளரும் ஆண்டுகள் பள்ளிக்கூடத்துக்கு முந்தியவை என்பதுதான்.

புத்தகம் வீட்டுக்குப் போகட்டும்

வாசிப்பில் ஆசையுள்ள ஆசிரியை புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைக்கமாட்டார். வெள்ளிக்கிழமை ஒரு துணிப்பையில் ஒரு புத்தகம் போட்டு வீட்டுக்கு அனுப்புவார். திங்கட்கிழமை திரும்பி வர வேண்டும். சில புத்தகம் கிழிந்து வரும். சிலது மைலோ கறையோடு வரும். ஒன்றிரண்டு வராமலே போகும். பூட்டி வைத்த புத்தகம் புதிதாகவே இருந்து, ஒரு பிள்ளைக்கும் பயன்படாமல் போவதைவிட இது மேல் என்று அவர் செல்லோடேப்பை எடுத்து ஒட்டிக்கொள்வார்.

வீட்டில் ஒரு சங்கடம் காத்திருக்கும். தேசியப் பள்ளியில் படித்த பெற்றோர் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. 'எங்களுக்கே தெரியாதே, பிள்ளைக்கு எப்படி?' என்று கூச்சப்பட்டுப் புத்தகத்தைப் பையிலேயே விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு ஆசிரியை சொல்ல வேண்டியது ஒன்றுதான்: படத்தைப் பார்த்து, வீட்டுத் தமிழிலேயே பேசுங்கள். 'பாரு, இந்த யானை எங்க போவுது?' என்று கேட்டாலே போதும். வகுப்பில் மூன்று முறை கேட்ட கதையைப் பிள்ளையே அப்பாவுக்குச் சொல்லிக் காட்டும். தாத்தா பாட்டி வாசிக்கத் தெரிந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. இரவு வேலை பார்க்கும் பெற்றோர் வாரத்தில் இரண்டு நாள் பத்து நிமிடம் ஒதுக்கினாலும் பலன் உண்டு. பத்து நிமிடமும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பேசியைத் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

சிங்கப்பூரில் நிலைமை சற்று வேறு. அங்கே பல தமிழ் வீடுகளில் ஆங்கிலமே பேச்சு மொழியாகிவிட்டது. பாலர் பள்ளியின் தமிழாசிரியைக்குக் கிடைக்கும் குறைந்த நேரத்தில், பிள்ளை நாள் முழுதும் கேட்கும் தமிழே அந்தக் கதையாக இருக்கக்கூடும். கல்வியமைச்சு 2014இல் தொடங்கிய பாலர் பள்ளிகளில் தாய்மொழிக்கு நாள்தோறும் இடம் உண்டு. தேசிய நூலக வாரியத்தின் நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்களை இரவல் வாங்கலாம். வசதி குறைந்த குடும்பங்களின் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டூழியர்கள் வாசித்துக் காட்டும் திட்டத்தையும் வாரியம் 2004இலிருந்து நடத்திவருகிறது.

நல்ல புத்தகம் எங்கே கிடைக்கும்?

மலேசியாவில் தமிழ்ப் பாலர் நூல் அச்சாவது குறைவு. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருவது. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996இலிருந்து பிள்ளைகளுக்கான படக்கதைகளைத் தமிழிலும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் பதிப்பாகவும் வெளியிட்டுவருகிறது. ஆங்கிலம் மட்டும் வாசிக்கத் தெரிந்த அம்மாவுக்கு இருமொழிப் புத்தகம் கைகொடுக்கும். இந்திய அரசின் நேஷனல் புக் டிரஸ்ட் நூல்கள் விலை மலிவு.

செலவே இல்லாத வழியும் உண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். யாரும் இலவசமாக இறக்கி, அச்சிட்டுக்கொள்ளலாம். அதற்கு உரிமமே அனுமதி தருகிறது. கதைகள் வாசிப்பு நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பாலர் வகுப்புக்கு முதல் நிலையே பொருத்தம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வண்ண அச்சுக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் ஒரு சிறுதொகை ஒதுக்கினால், ஒரே மாதத்தில் வகுப்புக்கு ஒரு கூடை புத்தகம் சேர்ந்துவிடும். மலேசியாவில் வருமான வரி கட்டும் பெற்றோர், ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை வரிச்சலுகையில் புத்தகச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

வெளியிலிருந்து வரும் புத்தகத்தில் மாட்டுவண்டி இருக்கும், இலந்தைப்பழம் இருக்கும். செம்பனை இருக்காது, ரம்புத்தான் இருக்காது, பாசார் மாலாம் இருக்காது. தன் ஊர் புத்தகத்தில் வராது என்று பிள்ளை நினைத்துவிடக்கூடாது. அந்த இடைவெளியை ஆசிரியையும் பிள்ளைகளும் சேர்ந்தே அடைக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படம் வரைய, அது சொல்லும் வரியை ஆசிரியை அப்படியே கீழே எழுத, எல்லாத் தாளையும் சேர்த்துத் தைத்தால் 'எங்கள் பாசார் மாலாம்' என்று ஒரு புத்தகம் தயார். வகுப்பில் அதிகமாகக் கிழிவது பெரும்பாலும் இந்தப் புத்தகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் எல்லாரும் அதையே எடுப்பார்கள்.

ஆசிரியையும் ஒரு வாசகர்

வாசிப்பைப் பாடமாக நடத்துவதும் வாசகராக இருந்து அதைப் பகிர்வதும் ஒன்றல்ல. ஓய்வு நேரத்தில் நாவலோ சிறுகதையோ பத்திரிகையோ படிக்கும் ஆசிரியை, வகுப்பில் புத்தகத்தைத் திறக்கும் விதத்திலேயே பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். கதையில் சிரிப்பு வரும் இடத்தில் அவருக்கு உண்மையாகவே சிரிப்பு வரும். தனக்குப் பிடிக்காத புத்தகத்தை அவர் பிள்ளைகள் மீது திணிக்கமாட்டார். பெரியவர் ஒருவர் தன் சந்தோஷத்துக்காகவே தமிழ் வாசிக்கிறார் என்பதைப் பிள்ளை பார்ப்பது, வேறு எங்கும் கிடைக்காத பாடம். பரீட்சைக்காக மட்டும் படிக்கும் மொழி, பரீட்சை முடிந்த மறுநாளே கைவிடப்படும்.

அதனால் ஆசிரியைகளுக்கும் புத்தகம் வேண்டும். நம் ஊர்களில் பல பாலர் பள்ளி ஆசிரியைகள் சொந்தச் சம்பளத்திலிருந்தே வகுப்புக்குப் புத்தகம் வாங்குகிறார்கள். அந்தச் சம்பளம் பெரிதல்ல. கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் கேடயத்துக்கும் நன்கொடை கொடுக்கும் கைகள் நம்மிடம் நிறைய உண்டு. பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஒரு கேடயத்துக்குப் பதிலாக இரண்டு கதைப் புத்தகங்கள் கொடுக்கலாம். பிறந்த நாளுக்கு வகுப்பு முழுதுக்கும் மிட்டாய்ப் பொட்டலம் தரும் பெற்றோர், பிள்ளையின் பெயர் எழுதிய ஒரு புத்தகத்தை வகுப்புக்குத் தரலாம். அந்தப் பிள்ளை ஆண்டு 6 முடித்துப் போன பிறகும் அந்தப் பெயர் வாசிப்பு மூலையில் இருக்கும்.

பாலர் பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும் பெற்றோர் 'என்ன எழுதினே?' என்று கேட்பதோடு 'இன்னைக்கு டீச்சர் என்ன கதை வாசிச்சாங்க?' என்றும் கேட்டுப் பார்க்கலாம். பதில் நீளமாக வந்தால், நாயும் நரியும் குரல் மாற்றிப் பேசினால், அந்த வகுப்பில் பிள்ளைக்குத் தேவையானது கிடைத்துக்கொண்டிருக்கிறது. பதிலே வரவில்லை என்றால், அடுத்த வாரம் ஒரு புத்தகத்தோடு போய் ஆசிரியையைப் பார்ப்பது நல்ல தொடக்கம்.